ஊசி விலை: பெட்டியில் ஒன்று, கடையில் ஒன்று

கேள்வி: என் கணவருக்கு அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு வாத நோய். விடியற்காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டால் எழுந்து உட்காரவே அரை மணி ஆகிறது. அடாலிமுமாப் 40 மில்லிகிராம் ஊசியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பெட்டியில் விலை 25,000 ரூபாய். தெருக் கடையில் பத்து சதவீதம்தான் குறைக்கிறார்கள். பாரிமுனை மொத்தக்கடையில் அதே கம்பெனி ஊசி 11,000 என்கிறார்கள். போலியாக இருக்குமோ? மாதம் ஒன்று போட்டால் போதாதா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: விலை குறைவு என்பதற்காகவே அதைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள், சகோதரி. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு எம்.ஆர்.பி.யைக் கம்பெனியே வைக்கிறது. வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதுதான் அரசின் கட்டுப்பாடு. அதனால் இந்த வகை ஊசிகளில் பெட்டி விலைக்கும் கடைக்கு வரும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். பேரம் பேசக் கூச்சப்படாதீர்கள்.

அடாலிமுமாபின் அசல் பிராண்டான ஹுமிராவுக்கு உலகிலேயே முதல் பயோசிமிலரை, அதாவது அதைப் போலவே வேலை செய்யும் மாற்று மருந்தை, 2014 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது நம் நாட்டு சைடஸ்தான். அமெரிக்காவில் ஹுமிரா ஏறத்தாழ 1,000 டாலருக்கு விற்றபோது இங்கே சைடஸ் ஊசி சுமார் 200 டாலர். பிறகு வேறு கம்பெனிகளும் வந்துவிட்டன. எந்த பிராண்டுகளை ஏற்பார் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் விலை விசாரியுங்கள்.

கணக்கை வருடத்துக்குப் போடுங்கள். 26 ஊசி. 11,000 வீதம் 2,86,000 ரூபாய். பெட்டி விலையில் 6,50,000. முதலிலேயே மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். பலன் தெரிகிறதா என்று 12 வாரம் வாக்கில் டாக்டர் பார்ப்பார். அதற்கு ஆறு ஊசி போதும்.

நான் பயப்படுவது குளிர்ச்சியைப் பற்றித்தான். இந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் கெட்டுவிடும். கடைக்காரர் அதை ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கிறாரா, கண்ணாடி அலமாரியிலிருந்து எடுக்கிறாரா என்று நின்று பாருங்கள். ஐஸ் பேக் மேலேயே ஊசிப் பெட்டியை வைத்துக் கட்டினால் நடுவில் ஒரு துணி வைக்கச் சொல்லுங்கள். பேட்ச் நம்பர், காலாவதி தேதி, கடையின் லைசென்ஸ் நம்பர் மூன்றும் போட்ட பில் தராத கடையில் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வீட்டில் ஃப்ரீசரிலும் ஃபிரிட்ஜ் கதவிலும் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள்.

மாதம் ஒன்று என்று நீங்களாக நீட்டவே கூடாது. மருந்தின் அளவு இரண்டு வாரத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும். விட்டு விட்டுப் போட்டால் உடம்பே அதை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் கேட்காமல் போகலாம். குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்க்கு முதலில் 160, இரண்டு வாரம் கழித்து 80, பிறகு 40 என்று தொடங்குவார்கள். அந்தக் கணக்கை யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம்; உங்கள் கணவருக்கு முதல் ஊசியிலிருந்தே 40தான்.

முதல் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனையும் மஞ்சள் காமாலை பி பரிசோதனையும் முடிந்ததா? உள்ளே தூங்கிக் கிடக்கும் காசநோயை இந்த மருந்து எழுப்பிவிடும். நெருக்கமான வடசென்னைத் தெருக்களில் இருக்கும் நாம் இதைத் தவிர்க்கவே கூடாது.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் கேளுங்கள். தனியார் பாலிசி இருந்தால், மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி (அடாலிமுமாப் இந்த வகைதான்) காப்பீட்டின் நவீன சிகிச்சைப் பட்டியலில் இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் போடுவதைக் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். டே கேரில், அதாவது ஆஸ்பத்திரியில் சேர்ந்து அன்றே திரும்பும் முறையில், போட்டால் கிடைக்குமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முடக்கு வாதம். மீத்தோட்ரெக்சேட் ஊசி மலிவாகத்தான் இருக்கிறது. வலி அதிகமான நாளில் கூட ஒன்று போடலாமா?
- வியாசர்பாடி வாசகர்

பதில்: கூடவே கூடாது. அது வாரத்துக்கு ஒரே நாள் போடும் மருந்து. தவறுதலாகத் தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் உண்டு. கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வலி தாங்காவிட்டால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.