அலகு பாதி சொல்லும்: கடற்பறவைகள் பற்றிக் கேள்வி பதில்

கடற்பறவைகளின் அலகு, அவற்றின் உணவு, இரண்டைப் பற்றியும் எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கரையொதுங்கிய பறவையைக் கண்டால் அதன் அலகைக் கயிற்றாலோ ரப்பர் பேண்டாலோ கட்டாதீர்கள். காரணம் கீழே வரும்.

கோவை, பள்ளி ஆசிரியை: அக்கா, கழுகு, வாத்து, மரங்கொத்தி அலகுப் படங்களைக் காட்டித்தான் பாடம் நடத்துகிறோம். கடற்பறவைகளில் அப்படி ஒரு நல்ல உதாரணம் சொல்ல முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிரையான் பறவைகள். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தெற்குப் பெருங்கடலில் வாழ்பவை. இவற்றில் சில இனங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே நீலச் சாம்பல், கீழே வெள்ளை, விரித்த இறக்கையில் ஒரு கறுப்புக் கோடு. பறக்கும்போது ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். கையில் எடுத்து அலகைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அகன்ற அலகுப் பிரையானுக்கு அலகின் அகலம் 2 செ.மீ.யைத் தாண்டும். ஃபேரி பிரையானுக்கு ஏறக்குறைய அதில் பாதி. உடம்பு அளவில் இவ்வளவு வித்தியாசம் இல்லை. அகன்ற அலகுக்காரரின் மேல் அலகுக்குள் ஓரம் முழுக்கச் சீப்பின் பற்களைப் போல மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். தொண்டைப் பகுதி விரிந்து கொடுக்கும், நாக்கு தடித்துச் சதைப்பற்றாக இருக்கும். இறக்கையை விரித்துக்கொண்டு, தலையைத் தண்ணீரில் அமிழ்த்தி, காலால் உந்திக்கொண்டே நீர்ப்பரப்பில் முன்னேறும். வாய்க்குள் போன நீரை நாக்கு வெளியே தள்ள, தகடுகளில் இரை தங்கிவிடும். அந்த இரை பெரும்பாலும் கோப்பிபாட் என்னும், இறாலுக்குத் தூரத்து உறவான மிகச் சிறிய கடலுயிரி. நம் சந்தையில் விற்கும் கூனி இறால் அதன் பக்கத்தில் பூதம் மாதிரி தெரியும். சில திமிங்கிலங்கள் உண்ணும் அதே முறைதான் இது. பழைய திமிங்கில வேட்டைக்காரர்கள் இவற்றைத் திமிங்கிலப் பறவை என்றே அழைத்தார்கள்.

ஃபேரி பிரையானிடம் அந்தச் சீப்பு கிடையாது. கொஞ்சம் பெரிய இறாலினங்களை ஒவ்வொன்றாகக் கொத்தி எடுக்கும். அண்டார்டிகப் பிரையான் இரண்டுக்கும் நடுவில்: சீப்பு உண்டு, ஆனால் அலகு குறுகல்.

இப்போது கதையின் சுவையான இடம். சால்வின் பிரையான் என்று ஒன்று இருக்கிறது. அதன் அலகு அகன்ற அலகுக்காரருக்கும் அண்டார்டிகப் பிரையானுக்கும் இடைப்பட்ட அகலம். 2019-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, அந்த இரண்டு இனங்களும் கலந்து உருவான இனம்தான் சால்வின் என்று காட்டியது. இரண்டு இனம் கலந்து மூன்றாவது இனம் நிலைப்பது பறவைகளில் மிக அபூர்வம். இடைப்பட்ட அலகு அதற்கென்று ஒரு தனி உணவு வழியைத் திறந்துவிட்டது என்பதுதான் அந்த ஆய்வாளர்களின் விளக்கம். உங்கள் மாணவர்களுக்கு இந்த ஒரு கதை போதும், டீச்சர்.

சென்னை, கல்லூரி மாணவர்: கூழைக்கடா மீனைப் பையில் சேமித்துக் கூட்டுக்குக் கொண்டுபோகுமாமே?

இல்லை. அந்தப் பை ஒரு கைவலை. மீனோடு தண்ணீரையும் அள்ளும், தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிடும், மீனை உடனே விழுங்கிவிடும். குஞ்சுக்கு ஊட்டுவது வயிற்றிலிருந்து எதுக்களித்துத்தான். கூந்தன்குளத்தில் குஞ்சு தன் தலையைத் தாயின் தொண்டைக்குள் நுழைத்துச் சாப்பிடுவதைக் கிட்டத்தில் பார்க்கலாம். வெயில் நேரத்தில் அந்தப் பை தோலைப் படபடவென்று அசைத்து உடம்புச் சூட்டையும் தணித்துக்கொள்ளும்.

பெங்களூரு: பஃபின் ஒரே நேரத்தில் எத்தனை மீனை வாயில் பிடிக்கும்?

பஃபின் வடக்குக் கடல்களில் வாழும் வண்ண அலகுப் பறவை. வழக்கமாகப் பத்து மீன் போல. பிரிட்டனில் ஒரு பஃபின் 62 மீன் பிடித்திருந்ததுதான் சாதனை. நாக்கிலும் மேலண்ணத்திலும் பின்னோக்கிய முட்கள் உண்டு. பிடித்த மீனை நாக்கால் மேலே அழுத்திக்கொள்ளும்; அடுத்த மீனுக்கு அலகைத் திறந்தாலும் முந்தையது நழுவாது. வண்ண அலகு உணவுக்காக அல்ல, இணைக்காக. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்த வண்ண ஓடு உதிர்ந்துவிடும். அலகு தின்பதற்கு மட்டும் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மதுரை: பஃபின் சென்னைக் கடற்கரைக்கு வருமா?

வராது. வட அட்லாண்டிக், வட பசிபிக் பறவை.

நாகப்பட்டினம்: மழைக்காலத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பறவை கரையில் கிடந்தது. ஈட்டி போல அலகு. கொத்துகிறது என்று பையன்கள் வாயைக் கட்டிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் செத்துவிட்டது. என்ன பறவை?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பூபியாக இருக்க வேண்டும். படித்ததும் மனசு கனத்துவிட்டது. பூபி உயரத்திலிருந்து ஈட்டி மாதிரி கடலுக்குள் பாயும் பறவை. அந்த வேகத்தில் மூக்குக்குள் தண்ணீர் ஏறாமல் இருக்க, அலகின் வெளிப்புறத்தில் மூக்குத் துவாரமே இல்லாமல் போய்விட்டது. அது வாய் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. வாயைக் கட்டினால் மூச்சு நின்றுவிடும். நீர்க்காகத்துக்கும் இதேதான். கூழைக்கடாவின் மூக்கும் மூடிக்கிடப்பதுதான்.

பையன்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தெரியாமல் செய்தார்கள். அடுத்த முறை ஒரு துண்டைத் தலை மேல் போடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது கண்ணைக் குறிவைக்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடலில் திருப்பி வீசாதீர்கள். அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

திருச்சி: கூழைக்கடா பையில் எத்தனை நாள் மீன் இருக்கும்?

மேலே சொல்லியிருக்கிறேன். நாள் கணக்கே இல்லை.

வேதாரண்யம்: கோடியக்கரையில் இரண்டு ஆலாக்களைச் சேர்ந்தாற்போல் பார்க்கிறேன். ஒன்றுக்குப் பெரிய சிவப்பு அலகு, இன்னொன்றுக்குக் குட்டையான தடித்த கறுப்பு அலகு. இரண்டும் மீன்தானே தின்னும்?

சிவப்பு அலகு காஸ்பியன் ஆலா, ஆலாக்களிலேயே பெரியது. மேலிருந்து பாய்ந்து மீன் பிடிக்கும். கறுப்பு அலகு பருத்த அலகு ஆலா. அது பெரும்பாலும் பாய்வதில்லை. சேற்றுப் பரப்பின் மேல் தாழப் பறந்து நண்டு, பூச்சி, சில சமயம் ஓணான் வரை கவ்விக்கொண்டு போகும். ஒரே குடும்பத்தில் அலகும் வேட்டையும் இப்படிப் பிரிந்திருப்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம்.

பாம்பன், மீனவர்: அக்கா, தப்பு. அந்தக் கறுப்பு அலகு ஆலா மீன் எடுப்பதை என் வள்ளத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன்.

நீங்கள் பார்த்தது சரி, அண்ணே. மீனும் எடுக்கும். நான் எழுதிய விதம் மீனே தொடாது என்று படும்படி இருந்துவிட்டது. எது அதிகம் கிடைக்கிறதோ அதன் பக்கம் போகும்.

ஈரோடு: அப்படியென்றால் அலகை வைத்து உணவைச் சொல்வது எல்லாம் பொய்யா? பாடத்தில் ஏன் படம் போடுகிறார்கள்?

பொய் இல்லை. ஆனால் பாதிதான் உண்மை. அலகு என்ன செய்ய முடியும் என்று காட்டும். அன்றைக்கு என்ன செய்தது என்று காட்டாது. பல பறவைக் குடும்பங்களை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வுகளிலும் அலகின் வடிவத்துக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு நாம் நினைத்த அளவு இறுக்கமாக இல்லை. அந்த உறுப்புக்கு வேறு வேலைகளும் உண்டு: இறகு கோதணும், சண்டை போடணும், குஞ்சுக்கு ஊட்டணும். முன்னோரிடமிருந்து வந்த வடிவமும் எளிதில் விடாது.

பாம்பன், மீனவர்: ஃபிரிகேட் பறவைக்குக் கொக்கி அலகு. அடுத்தவன் மீனைப் பிடுங்கத்தானே அது?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம், ஏனென்றால் பிடுங்குவதுதான் கண்ணில் படுகிறது. அதன் உணவில் பெரும்பங்கு அது தானே பிடிப்பது. கடலுக்கு மேலே துள்ளும் பறவைக்கோலாவையும் கணவாயையும் பறந்தபடியே கொக்கியால் எடுத்துவிடும். அதன் இறகு நனைந்துவிடும், அதனால் தண்ணீரில் இறங்காது. அலகும் இறகும் சேர்ந்துதான் அந்த வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. அலகை மட்டும் பார்த்தவர்கள் திருடன் என்று பெயர் வைத்துவிட்டோம்.

ஈரோடு: அப்படியானால் எதை வைத்துத்தான் உறுதியாகச் சொல்வது?

எச்சத்தில் உள்ள இரையின் மரபணு, எதுக்களித்த உணவு, இறகிலும் இரத்தத்திலும் உள்ள நைட்ரஜன் ஐசோடோப்பு (எடையில் சற்று வேறுபட்ட நைட்ரஜன் அணுக்கள்; உணவுக்கு ஏற்ப அவற்றின் விகிதம் மாறும்). இவற்றோடு, பாம்பன் அண்ணனைப் போல நாள்தோறும் கடலில் இருப்பவரின் கண்.

சேலம்: பூநாரை?

கடற்பறவை இல்லை. ஆனால் அதுவும் பிரையான் மாதிரி வடிகட்டித்தான் உண்கிறது, தலையைத் தலைகீழாக வைத்து.

தஞ்சாவூர்: கடற்காகத்தின் அலகில் சிவப்புப் புள்ளி எதற்கு?

எல்லாக் கடற்காகத்துக்கும் அது இல்லை. ஹெர்ரிங் கடற்காகத்தின் குஞ்சு அந்தப் புள்ளியைக் கொத்தினால் தாய் உணவைக் கக்கும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த நிகோ டின்பெர்கன் அட்டையில் செய்த போலித் தலைகளை வைத்துச் சோதித்த விஷயம் இது. அவருக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது.

விருதுநகர்: கூழைக்கடாவின் பையில்...

இதற்கு மூன்றாவது முறை பதில் சொல்ல மாட்டேன். மேலே படியுங்கள்.

காரைக்கால்: கரையில் பறவை கிடந்தால் வாயை லேசாகக் கட்டலாமா?

கூடாது. லேசாகவும் கூடாது.

வேதாரண்யம்: அக்கா, வர்ற டிசம்பரில் அந்த இரண்டு ஆலாவையும் கவனித்து எழுதலாம் என்று இருக்கிறேன். எதைக் குறித்துக்கொள்ளட்டும்?

அலகின் நிறத்தை ஒரு தடவை குறித்தால் போதும். அப்புறம் ஒவ்வொரு முறை இரை எடுக்கும்போதும் நேரம், ஓதம் ஏறுகிறதா வடிகிறதா, சேறா தண்ணீரா, பாய்ந்ததா கவ்வியதா, வாயில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். வாயில் இருந்தது தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். இரண்டு நோட்டு எடுத்துப் போங்கள், ஒன்று நனைந்துவிடும்.