இன்சான் சைனாடவுன்: சைவக்காரர்களுக்கு என்ன கிடைக்கும்?

தம்பி, தென் கொரியாவில் நீங்கள் இருக்கும் சுவோனிலிருந்து ஞாயிறன்று குடும்பத்தோடு இன்சான் நகரின் சீனர் பகுதியான சைனாடவுனுக்குப் போகலாமா, சைவம் சாப்பிடும் மனைவிக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். போகலாம், ஆனால் ஞாயிறு மதியம் வேண்டாம். சாப்பாட்டுக் கடை வாசலெல்லாம் வரிசை நிற்கும். சனிக்கிழமை காலை பதினொன்றுக்குள் அங்கே இறங்கிவிடுங்கள். திங்களன்று அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை.

சுவோனிலிருந்து சூயின்-புண்டாங் ரயில் தடத்தில் மாறாமலே இன்சான் போய்ச் சேரலாம். ஒரு சிக்கல், எல்லா ரயிலும் கடைசிவரை போகாது. கோசேக்கிலும் ஓயிடோவிலும் நின்றுவிடுபவை உண்டு, அதனால் பலகையில் ‘இன்சான்’ என்று பார்த்த பிறகு ஏறுங்கள். சியோலிலிருந்து வரும் நண்பர்கள் முதலாம் தடத்தில் விரைவு ரயில் பிடித்தால் அது தோங்கின்சானோடு முடியும். அங்கே மாறி இன்னும் ஒரு நிறுத்தம் வர வேண்டும். இன்சான் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பெரிய சீன வளைவு. நடைவழிக்கு நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சாப்பாடு. இங்கே பெயர்போனது ஜஜாங்மியோன், கறுப்புக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். அந்தக் குழம்பு, சுன்ஜாங் என்ற கறுப்புச் சோயா விழுதை எண்ணெயில் வதக்கி, வெங்காயமும் பன்றி இறைச்சியும் சேர்த்துச் செய்வது. பழைய முறையில் அந்த எண்ணெயே பன்றிக் கொழுப்புதான். மொத்தமாகக் காய்ச்சி வைத்திருப்பார்கள், ஆகவே ‘கோகி பே ஜூசேயோ’ (கறி வேண்டாம்) என்றால் துண்டுகளை ஒதுக்கித் தருவார்களே தவிர குழம்பு மாறாது. கான்ஜஜாங் என்ற வகையைக் கேட்டால் குழம்பை அப்போதே புதிதாக வதக்கித் தனிக் கிண்ணத்தில் தருவார்கள். கறி போடாமல் செய்யச் சொல்ல அதில்தான் வழி இருக்கிறது. எந்த எண்ணெய் என்பதையும் கேட்டுவிடுங்கள். ஜாம்போங் என்ற காரமான நூடுல்ஸ் பக்கமே போக வேண்டாம், அதன் ரசம் கடல் உணவிலும் இறைச்சியிலும் ஊறியது.

மனைவிக்குத் தெருக்கடைதான் நல்லது. ஹ்வாடோக் மாண்டு என்பது உள்ளே பூரணம் வைத்த மாவு உருண்டை, அதை மண் அடுப்பின் உட்சுவரில் தந்தூரி ரொட்டி போல ஒட்டிச் சுடுவார்கள். கறி வைத்ததோடு சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சிவப்புப் பயறு வைத்ததும் கிடைக்கும். மாவில் கொழுப்பு சேர்க்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். சூடாகக் கடித்தால் நாக்கு பொத்துவிடும், பிட்டு ஆற விடுங்கள். கோங்கல்பாங் என்ற ரொட்டி பந்து போல உப்பியிருக்கும், உள்ளே காற்றும் அடியில் கொஞ்சம் சர்க்கரைப் பூச்சும்தான். குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

இந்த இடத்தின் கதையும் கேளுங்கள். 1883-இல் இன்சானின் ஜெமுல்போ துறைமுகம் திறந்தது, அடுத்த ஆண்டே சீனாவை ஆண்ட சிங் அரச வம்சத்தின் குத்தகைப் பகுதி இங்கே அமைந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் கடலுக்கு அக்கரையில் உள்ள ஷாண்டோங்காரர்கள். கோங்ஹ்வாசுன் உணவகத்தின் பழைய கட்டடம்தான் இப்போது ஜஜாங்மியோன் அருங்காட்சியகம். அதே பெயரில் இன்று நடக்கும் கடை வேறு. பழைய சீன, ஜப்பானியப் பகுதிகளைப் பிரிக்கும் கற்படிக்கட்டைத் தவறவிடாதீர்கள். கீழே நின்று பார்த்தால் இருபக்கக் கல்விளக்குகளின் வடிவமே வேறு வேறு. பல தலைமுறையாக இங்கேயே வாழும் ஹ்வாக்யோ எனப்படும் சீன வம்சாவளி மக்களுக்கு நிரந்தர வதிவிட விசா 2002-இல்தான் வந்தது. விசா வரிசையில் நிற்கும் நமக்கு இது சும்மா கடந்துபோகும் செய்தி இல்லை.

படிக்கட்டின் மேலே ஜாயு பூங்கா, அங்கிருந்து துறைமுகம் முழுவதும் தெரியும். தள்ளுவண்டி இருந்தால் படியை விட்டுச் சரிவுத் தெருவாகச் சுற்றி ஏறுங்கள்.