100 வோல்ட் ஆம்ப்ளிஃபையரை 230-ல் மாட்டிவிட்டால்

கேள்வி: ஜப்பானிலிருந்து அண்ணன் கொண்டுவந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை நேராக வீட்டு பிளக்கில் மாட்டிவிட்டோம். ஒரு உறுமல், லேசான கருகல் வாடை, பியூஸ் போய்விட்டது. வேறு பியூஸ் போட்டுப் பார்க்கலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: இப்போது வேண்டாம். அந்த டிரான்ஸ்ஃபார்மர் 100 வோல்ட்டுக்குச் சுற்றியது. 230 ஏறியதும் அதன் இரும்புக்குள் காந்தம் நிறைந்துபோய், பிரைமரி சுருள் (பிளக்கிலிருந்து கரண்ட் வரும் பக்கம்) கண்டபடி கரண்டை இழுக்கும். உறுமல் அதனால்தான். பியூஸ் உடனே போயிருந்தால் மற்றவை பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பியூஸுக்குப் பதில் கம்பி சுற்றினால் பிழைத்தவையும் போய்விடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அப்போதும் சார்ஜ் தேங்கியிருக்கும். 470 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை முனைகளுக்குக் குறுக்கே அரை நிமிடம் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். 50 வோல்ட் தாங்குவதில் 80 வோல்ட் ஏறியிருக்கலாம்.

அடுத்து பிரைமரியை ஓம்ஸில் அளந்து பாருங்கள். சில ஓம்கள் காட்டினால் சுருள் அறவில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் உடனே கைவிட வேண்டாம். பல டிரான்ஸ்ஃபார்மர்களில் சுருளின் மேல்சுற்றுக் காகிதத்துக்கு அடியில் ஒரு வெப்ப பியூஸ் இருக்கும், அது மட்டும் போயிருக்கலாம். அதே வெப்பநிலை, ஆம்பியர் அளவிலேயே மாற்றுங்கள், நேரடியாக இணைத்துவிடக் கூடாது. சுருளே கருகியிருந்தால் கோவையில் வைண்டிங் செய்யக் கொடுக்கலாம். அப்போதே 230 வோல்ட் பிரைமரியாகச் சுற்றச் சொல்லுங்கள். ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜையும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களையும் மீட்டரின் டயோடு மோடில் பாருங்கள். இரு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட்.

இனி பியூஸ்: பழைய அளவேதான். பழைய பிரைமரியே இருந்தால், 230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப்-டவுனுக்கும் செட்டுக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை சீரியஸாக மாட்டுங்கள். கணநேரம் மினுங்கி மங்கினால் நல்லது. செம்மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், அணைத்துவிடுங்கள். சரியானால் பல்பை எடுத்துவிட்டு, ரிலே 'க்ளிக்' ஆனதும் ஸ்பீக்கர் முனைகளில் டிசி அளங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மட்டும் ஸ்பீக்கரை மாட்டலாம்.

ஸ்டெப்-டவுனில் 100 வோல்ட் முனை இருப்பதையே கேட்டு வாங்குங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 110. செட்டின் பின்பக்கம் 200 வாட் என்றிருந்தால் 500 விஏ எடுப்பது நல்லது. ஜப்பானின் கிழக்கில் 50, மேற்கில் 60 ஹெர்ட்ஸ் என்பதால், அங்குள்ள ஆம்ப்ளிஃபையருக்கு நம் 50 ஹெர்ட்ஸ் பிரச்சினை இல்லை.

கேள்வி: மரம் விழுந்து லைனில் நியூட்ரல் அறுந்தது. பவர்டு ஸ்பீக்கர் போய்விட்டது. ஏன்?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: நியூட்ரல் அறுந்தால், லோடு குறைந்த ஃபேஸில் உள்ள வீட்டுக்கு 400 வோல்ட் வரை ஏறும். 230-ல் ஸ்பீக்கருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) முதல் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி இருக்கும். 400 ஏறினால் அது 565. கெப்பாசிட்டரோ பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் தாங்குவதுதான். பியூஸுக்கு அடுத்துள்ள வேரிஸ்டர் (வோல்ட் ஏறினால் காக்கும் பாகம்) வெடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேரிஸ்டரும் பியூஸும் மட்டும் போயிருந்தால் செலவு மிகக் குறைவு.