நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதால் மூட்டழற்சி வருமா?

நின்று நின்றே வாதத்தை வரவழைத்துக்கொண்டோமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் துணிக்கடையில் பதினோரு ஆண்டுகள் நின்றவள். இதே கேள்வியோடு பல இரவுகள் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

எனக்கு முதலில் வந்தது வலது குதிகாலின் பின்புறத்தில் வலி. செருப்பை மாற்றினேன், ஒத்தடம் கொடுத்தேன். பிறகு காலையில் இடுப்பு ஒரு மணி நேரம் இறுகிக் கிடக்க ஆரம்பித்தது. "நடக்க நடக்க இளகிவிடும் டாக்டர்" என்று நான் சொன்னதும்தான் மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தேய்மான வலி பெரும்பாலும் வேலை செய்யச் செய்யக் கூடும். அழற்சி வலி ஓய்வில்தான் இறுகும். எனக்கு இருந்தது முதுகெலும்பு மூட்டழற்சி.

நின்றதால் மட்டும் இந்த நோய் வருவதில்லை. நோய் எதிர்ப்பாற்றல் தடம் மாறுவதுதான் அடிப்படை, அதில் எச்.எல்.ஏ.-பி27 போன்ற மரபணுக்களுக்கும் பங்குண்டு. ஆனால் உடல் முழுவதும் சுற்றும் அந்தக் கோளாறு எந்த மூட்டில் போய் உட்காரும் என்பதில் சுமைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் 2014இல், இந்நோய்க்கு ஆளாகும் மரபுடைய எலிகளின் பின்னங்கால்கள் தரையில் படாதபடி வாலைத் தூக்கிக் கட்டிவைத்தார்கள். குதிகால் நாணில் அழற்சி வெகுவாகக் குறைந்தது. 2018இல் வந்த அடுத்த ஆய்வில், ஓடிய எலிகளுக்கு மூட்டழற்சி கடுமையானது. இழுவிசை படும் இடத்துத் திசு உயிரணுக்கள் வேதிச் சமிக்ஞைகளை விட்டு வெள்ளணுக்களை அங்கே அழைக்கின்றன. அவற்றில் சில எலும்பை அரிக்கும் அணுக்களாகவே மாறிவிடுகின்றன. மனிதர்களிலும், பக்கவாதத்தில் செயலிழந்து சுமை படாமல் கிடக்கும் கை கால்களை, மூட்டழற்சியின் இன்னொரு வகையான முடக்குவாதம் அவ்வளவாகத் தாக்குவதில்லை என்று மருத்துவர்கள் முன்பே கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுப் படுக்கையில் விழுந்துவிடாதீர்கள், தயவுசெய்து. நான் அந்தத் தவறைச் செய்து முதுகை இன்னும் இறுக்கிக்கொண்டேன். என் நோய்க்கு மருந்தைப் போலவே உடற்பயிற்சியும் சிகிச்சைதான். குறைக்க வேண்டியது ஒரே இடத்தில் ஓயாமல் விழும் பாரத்தை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கூச்சப்படாமல் நாற்காலி கேளுங்கள். எங்கள் கடையில் நான் கேட்டபோது முகம் சுளித்தார்கள், ஆனாலும் கொடுத்தார்கள்.

காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், வலி மாத்திரையோடு நிறுத்தாமல் வாதநோய் நிபுணரிடம் இந்த மாதமே காட்டிவிடுங்கள்.