சீல்களும் கடற்சிங்கங்களும் ஒன்றையொன்று வேட்டையாடுமா?

வேட்டையாடும். ஆனால் பெரும்பாலும் பெரிய இனம் சிறிய இனத்தின் குட்டியைத்தான் பிடிக்கும்.

முதலில் நினைவுக்கு வருவது அண்டார்டிக்காவின் சிறுத்தை சீல். பெண் 3 மீட்டருக்கு மேல் நீளும். முன்பற்கள் கிழிக்க, பின்பற்களோ கிரில் எனும் இறால் போன்ற சிற்றுயிர்களைச் சல்லடைபோல வடிகட்ட. நண்டுண்ணி சீல்களின் குட்டிகள் இதற்கு முக்கிய இரை. வளர்ந்த நண்டுண்ணிகளின் உடலில் காணும் நீண்ட இணைத் தழும்புகள், குட்டிப்பருவத்தில் இதன் வாயிலிருந்து தப்பியதன் அடையாளம். (பெயர்தான் நண்டுண்ணி, தின்பது கிரில்.)

கடற்சிங்கங்களும் விதிவிலக்கல்ல. தென் அமெரிக்கக் கடற்சிங்க ஆண்கள் ரோமச் சீல் குட்டிகளைக் கவ்விச் செல்கின்றன. வட பசிபிக்கில் ஸ்டெல்லர் கடற்சிங்கமும் அப்படியே.

என்னை மிகவும் உலுக்கியது சாம்பல் சீல். பிரிட்டன் கரையில் சுருள்வெட்டுக் காயங்களுடன் ஒதுங்கிய சீல் உடல்களுக்குக் கப்பல் உந்துவிசிறிகளே காரணம் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். 2014-இல் ஸ்காட்லாந்தின் மே தீவில், ஓர் ஆண் சாம்பல் சீல் தன் இனத்துக் குட்டிகளையே கொன்று, அதே சுருள்வெட்டுடன் கொழுப்பை உரித்துத் தின்றதை ஆய்வாளர்கள் நேரில் பார்த்தார்கள். ஜெர்மனியின் ஹெல்கோலாந்து தீவில் துறைமுகச் சீல்களும் சாம்பல் சீல்களுக்கு இப்படி இரையாகியுள்ளன.