பழைய இன்ஜினில் கசடு: பிளஷ் ஊற்றும் முன் சம்ப்பைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: மாமனாரின் 2009 சான்ட்ரோ ஜிங் பெட்ரோல் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. ஓடியது 90,000 கி.மீ.தான். கடைசி நான்கைந்து வருடமாகக் கடைத்தெரு, கோயில் என்று பக்கத்திலேயே ஓடிய வண்டி. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பாகப் படிந்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் ‘டக் டக்’ என்று சத்தம் வேறு. ஒரு மெக்கானிக், கசடைக் கழுவும் பிளஷ் திரவத்தை ஒரு பாட்டில் ஊற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஆயில் மாற்றிவிடலாம் என்கிறார். இன்னொருவர், டீசல் ஊற்றிக் கழுவினாலே போதும், பாட்டிலுக்கு எதற்குக் காசு என்கிறார். அலுவலக நண்பரோ, பழைய இன்ஜினில் கை வைத்தால் ஆயில் கசிய ஆரம்பிக்கும், அப்படியே விட்டுவிடு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: டீசல் யோசனை சொன்னவரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மற்ற இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மூவரில் ஒருவராவது இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரைக் கழற்றி உள்ளே பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. படிந்திருப்பது என்ன, எவ்வளவு கனம் என்று தெரியாமல் எந்தப் பாட்டிலையும் திறக்க வேண்டாம்.

இன்ஜின் ஆறிய பிறகு ஆயில் மூடி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உள்ள இரும்புப் பாகங்கள் பழைய வாணலியின் வெளிப்பக்கப் பிசுக்கு மாதிரி காவி நிறமாக இருந்து, விரலில் எதுவும் ஒட்டவில்லை என்றால் அது வெறும் வார்னிஷ், ஆயில் சூட்டில் காய்ந்த மெல்லிய பூச்சு. இத்தனை வயது வண்டியில் அது சகஜம், அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. மஞ்சளும் வெள்ளையுமாக நுரை தெரிந்தால் ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கிறது. குறைந்த தூரம் ஓடும் வண்டிகளில் மூடிக்கடியில் இதைப் பார்க்கலாம். கூடவே ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகப்பட வேண்டும், அது வேறு வைத்தியம். நகத்தால் சுரண்டினால் கறுப்புப் பசை அள்ளிக்கொண்டு வருகிறதா? அதுதான் மெக்கானிக்குகள் ஸ்லட்ஜ் என்று சொல்லும் கசடு. பசையாக இல்லாமல் காய்ந்து பொருக்கு பொருக்காக உதிர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு விஷயம், சில வண்டிகளில் மூடிக்கு நேர் கீழே ஒரு தகடு இருக்கும், படிவு முதலில் அதில்தான் ஏறும். அதனால் மூடி வழியாகப் பார்ப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நாலைந்து போல்ட்டைக் கழற்றி டேப்பட் கவரைத் தூக்கிப் பார்ப்பது சிறிய வேலைதான். அதன் கேஸ்கட் எப்படியும் இத்தனை வருடத்தில் விறைத்திருக்கும், மாற்றியதாகவும் இருக்கும்.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது பயப்படும் விஷயமல்ல. இன்ஜின் ஆயிலிலேயே அழுக்கை எடுக்கும் டிடர்ஜென்ட்டும், எடுத்த அழுக்கைத் திரளவிடாமல் மிதக்க வைக்கும் டிஸ்பர்சன்ட்டும் கலந்திருக்கின்றன. ஆயில் கறுக்கிறது என்றால் அவை வேலை செய்கின்றன என்று பொருள். அவற்றின் தெம்பு தீர்ந்த பிறகும் அதே ஆயில் உள்ளேயே கிடந்தால்தான் அழுக்கு கீழே படியும்.

உங்கள் வண்டியில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எரியாத பெட்ரோலோடும் புகையோடும் சம்ப்புக்குள் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் இந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் மீட்டரில் ஏறும் முள் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டுகிறது, ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். இரண்டு கி.மீ. ஓட்டி நிறுத்தினால், வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் ஆயில் அந்தச் சூட்டை எட்டாது. ஈரம், பெட்ரோல், புகைக்கரி மூன்றும் உள்ளேயே தங்கிக் கசடாகின்றன. கி.மீ. ஏறவில்லையே என்று ஆயில் மாற்றுவதையும் தள்ளிப்போட்டிருப்பார்கள். இந்தப் புகையை உறிஞ்சி வெளியேற்ற பிசிவி வால்வு என்று ஒன்று உண்டு. கழற்றிக் காதருகே ஆட்டினால் ‘கலகல’ என்று கேட்க வேண்டும். சத்தமே இல்லாமல் இறுகிக் கிடந்தால் மாற்றிவிடுங்கள், விலை கம்மி. இதை விட்டுவிட்டு வேறு எதைச் செய்தாலும் கசடு திரும்ப வரும்.

இனி பாட்டிலுக்கு வருவோம். கடையில் கிடைப்பது பொதுவாக இரண்டு வகை. ஒன்று, ஆயில் மாற்றும் நாளில் பழைய ஆயிலில் ஊற்றி, வண்டியை நகர்த்தாமல், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு வடிக்கும் வேகமான பிளஷ். இதில் பெரும்பாலும் இருப்பது மெல்லிய கரைப்பான். இன்னொன்று, ஆயில் மாற்றுவதற்குச் சில நூறு கி.மீ. முன்பே ஊற்றி வண்டியை வழக்கம்போல ஓட்டும் மெதுவான வகை. லிக்வி மோலி மாதிரி கம்பெனிகளிடம் இரண்டும் உண்டு. வாங்கும் முன் எது எந்த வகை என்று லேபிளைப் படியுங்கள், மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. பத்து நிமிட பிளஷ்ஷை ஊற்றிக்கொண்டு திருச்சி போனால் பேரிங்குக்குத் தேவையான கனம் ஆயிலில் இருக்காது.

லேசான படிவுக்கு வேகமான பிளஷ்ஷால் பெரிய கெடுதல் இல்லை. கனமான கசடில்தான் சிக்கல். சம்ப்பின் அடியில் ஆயில் பம்ப்புக்குப் போகும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கிறது, ஸ்ட்ரெய்னர் என்பார்கள். பில்டர் இருப்பது பம்ப்புக்கு அப்புறம், இந்த ஸ்ட்ரெய்னர் பம்ப்புக்கு முன்னால். கரைப்பான் கசடை முழுசாகக் கரைப்பதில்லை, அடியில் பிடியைத் தளர்த்தித் துண்டு துண்டாகப் பெயர்த்துவிடுகிறது. பெயர்ந்த துண்டுகள் மேலிருந்து சம்ப்புக்கு வந்து நேராக அந்த வலையில் போய் அடைகின்றன. பம்ப்புக்கு ஆயில் கிடைக்காது, ஆயில் பிரஷர் விழும், டாஷ்போர்டில் அதற்கான சிவப்பு விளக்கு எரியும். கவனிக்காமல் ஓட்டினால் பேரிங் அடித்துவிடும். பில்டர் இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. அது அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலையே உள்ளே விடும், ஆயிலே இல்லாததற்கு அழுக்கு ஆயில் மேல் என்ற கணக்கில்தான் அதை அப்படி வைத்திருக்கிறார்கள். ‘பிளஷ் போட்டேன், ஒரு வாரத்தில் இன்ஜின் போச்சு’ என்ற கதைகள் பலவற்றின் பின்னால் இந்த வலைதான் இருக்கும்.

டீசல் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். கொதிக்கும் சூட்டில்கூட 40 கிரேட் ஆயிலின் பாகுத்தன்மை 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் குறையக் கூடாது. டீசலுக்கு 40 டிகிரியிலேயே 2 முதல் 4.5 வரைதான். அதை வைத்து ஓடவிட்டால் கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஆயில் படலம் நிற்காது. வடித்த பிறகும் மூலை முடுக்குகளில் கொஞ்சம் தங்கிப் புது ஆயிலையும் நீர்க்கச் செய்யும். அம்பாசிடர் காலத்துப் பழக்கம், அந்தக் காலத்தோடு போகட்டும்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்வது இது. டேப்பட் கவரின் அடியில் பசையாகக் கசடு இருந்தால் பாட்டிலுக்குப் பதில் சம்ப்பை இறக்குங்கள். ஆயிலை வடித்து, சம்ப்பைக் கழற்றி, அதையும் ஸ்ட்ரெய்னரையும் கெரசினில் கழுவி, காற்றடித்துக் காயவைத்துத் திருப்பி மாட்ட வேண்டும். வெளியே எடுத்த பாகத்தைக் கெரசினில் கழுவுவதில் தப்பில்லை. சம்ப்பை ஒட்டும் சிலிகான் பேஸ்ட்டைப் பட்டையாக அப்பவிடாதீர்கள். பிதுங்கி உள்பக்கம் விழும் பேஸ்ட் துணுக்கும் அதே வலையைத்தான் அடைக்கும். கழுவப்போன இடத்தில் புது அடைப்பை உண்டாக்கிவிட்டு வரக் கூடாது, பக்கத்தில் நின்று பாருங்கள். டேப்பட் கவரில் இருப்பதைக் கையால் சுரண்டி வெளியே எடுக்கச் சொல்லுங்கள், ஹெட்டின் மேல் இருப்பதைக் கிளறி உள்ளே தள்ளக் கூடாது.

மிச்சத்தை ஆயிலே மெதுவாகக் கரைக்கும். கம்பெனி சொன்ன கிரேடில் ஒரு நல்ல ஆயில், டப்பாவில் தரக் குறியீடு ஏபிஐ எஸ்என் அல்லது அதற்குப் பிந்தைய எஸ்பி என்று இருந்தால் போதும். எஸ்பி 2020இல் வந்தது. புகை வருகிறதென்று கெட்டியான 20டபிள்யூ50 ஆயில் ஊற்றி மறைக்கும் வைத்தியம் இங்கே உதவாது. புது ஆயில், புது பில்டரோடு 1,000, 1,500 கி.மீ. ஓட்டுங்கள், அல்லது மூன்று மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது இரண்டையும் மாற்றுங்கள். அடுத்தது 2,500 கி.மீ. அப்புறம் 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன இன்ஜின், சுமார் மூன்று லிட்டர்தான் பிடிக்கும், செலவு தாங்கும். வாரம் ஒருமுறை கும்பகோணம் வரை போய்வாருங்கள். ஒருவழி 40 கி.மீ., ஆயில் நன்றாகச் சூடேறப் போதுமான தூரம்.

முதல் பில்டரைத் தூக்கிப்போடாதீர்கள். தகரம் வெட்டும் கத்தரியால் கூட்டைத் திறக்கச் சொல்லுங்கள், ஆக்ஸா பிளேடு வேண்டாம், அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து குழப்பும். மடிப்புப் பேப்பரை விரித்து வெயிலில் பாருங்கள். கறுப்புத் துகள்கள் விரலால் நசுக்கினால் பொடியானால் அது கசடு, கழன்று வருகிறது என்று அர்த்தம், நல்லது. நசுங்காமல் மினுக்கென்று வெயிலில் பளபளத்தால் அது பேரிங் உலோகம். அப்படியானால் எந்த ஆயிலும் உதவாது, இன்ஜின் வேலையைப் பற்றிப் பேச வேண்டியதுதான்.

காலைச் சத்தத்துக்கு முதலில் டிப்ஸ்டிக்கில் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் சத்தத்துக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். மலிவான பில்டரில் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு சரியில்லை என்றாலும் இப்படிச் சத்தம் வரும். அளவு சரியாக இருந்தால் பிரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், சூடான ஐடிலில். சம்ப் கழுவுவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. பிரஷர் ஏறினால் ஸ்ட்ரெய்னர் அடைத்திருந்தது காரணமாக இருக்கலாம். ஸ்டார்ட் செய்து சில விநாடி கழித்தும் சிவப்பு விளக்கு அணையவில்லை என்றாலோ, ஓடும்போது எரிந்தாலோ, அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்து வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். பட்டறை அரை கி.மீ.தானே என்று ஓட்டக் கூடாது.

சர்வீஸ் சென்டரில் ‘டீகார்பனைசிங்’ என்று ஒன்றை உங்களிடம் விற்கப் பார்ப்பார்கள். அது பெட்ரோல் எரியும் அறையிலும் வால்வுத் தலையிலும் படியும் கரிக்கானது. சம்ப்பில் உள்ள கசடை அது தொடாது.

உங்கள் நண்பரின் பயத்திலும் அர்த்தம் இருக்கிறது. பழைய ரப்பர் ஆயில் சீல் சூட்டில் விறைத்திருக்கும், கசடு அதன் இடுக்கை அடைத்துக்கொண்டிருக்கும். கசடு கரைந்தால் கசிவு தெரியவரும். சீல் எப்போதோ போய்விட்டது, சுத்தம் செய்தபோது வெளிப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் சான்ட்ரோவில் ஒரு கவலை உண்டு. கிராங்க்கின் சுழற்சியை வால்வுகளுக்குக் கொண்டுபோக இதில் இருப்பது ரப்பர் டைமிங் பெல்ட், செயின் அல்ல. முன்பக்க கிராங்க் சீல் கசிந்தால் ஆயில் பெல்ட்டில் பட்டு ரப்பரை ஊறவைக்கும். பெல்ட்டை மாமனார் எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். பில் இல்லை, நினைவில்லை என்றால் சம்ப் இறக்கும் அதே நாளில் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், முன் சீல் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், பெல்ட் கவரைத் திறக்கும் கூலி ஒருமுறையோடு போகும்.