16 வயது மகள் நடுக்கள வீராங்கனை. தென்னாப்பிரிக்கத் தேசிய அணியின் நடுக்கள வீராங்கனை ரெஃபிலோ ஜேன் போல வெளிநாட்டில் கால்பந்து ஆடிப் பிழைக்க முடியுமா?

நீங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கத்தவர் என்றும், மகளின் ஆசையை ஒட்டி வீட்டில் வாக்குவாதம் நடக்கிறது என்றும் எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். அதே நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

பிழைக்க முடியும். ஆனால் உறவினர்கள் கணக்குப் போடும் விதமாக அல்ல. சொவெட்டோவில் பிறந்த ஜேன், உள்நாட்டுக் கிளப்பான மமெலோடி சன்டவுன்ஸிலிருந்து 2018இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா யுனைடெட்டுக்கும், 2019இல் இத்தாலியின் ஏசி மிலானுக்கும், 2022இல் அதே நாட்டின் சசுவோலோவுக்கும் சென்றார். மிலான் என்றதும் ஆண்கள் அணியின் சம்பளம்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. இத்தாலியில் பெண்களின் முதல் பிரிவு தொழில்முறை ஆட்டமாக ஏற்கப்பட்டதே 2022 ஜூலை 1 முதல்தான். ஆகவே மிலானில் அவர் ஆடிய பருவங்களில் சட்டத்தின் பார்வையில் அவர் அமெச்சூர். இன்னொரு தென்னாப்பிரிக்க நடுக்கள வீராங்கனை லிண்டா மொட்லாலோ ஹூஸ்டன், பெய்ஜிங், சுவீடனின் யூர்கோர்டன், கிளாஸ்கோ சிட்டி என்று சில ஆண்டுகளுக்குள் நான்கு நாடுகளில் ஆடியவர். இதை உலகம் சுற்றும் பாக்கியம் என்பார்கள். ஒவ்வொரு முறையும் புதுப் பயிற்சியாளரிடம் தன் இடத்தை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருப்பதுதான் எனக்குத் தெரிகிறது.

முன்கள வீராங்கனைக்குக் கோல் எண்ணிக்கை சாட்சி சொல்லும். பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்து, எதிரணியின் வழியை அடைத்து நிற்பவளின் உழைப்பு அரை நிமிடக் காணொளியில் அடங்காது. அதனால் நடுக்களத்தில் ஆடுபவர்களுக்குத் தேசிய அணியே பெரிய கடைவீதி. 2022இல் ரபாத்தில் மொராக்கோவை 2-1 என வென்று ஆப்பிரிக்கக் கோப்பையை வாங்கியதும், 2023 உலகக் கோப்பையில் வெலிங்டனில் இத்தாலியை 3-2 என வீழ்த்தியதும் பன்யானா பன்யானா எனப்படும் தென்னாப்பிரிக்கப் பெண்கள் அணியின் வீராங்கனைகளை உலகின் கண்ணில் நிறுத்தின.

இனி எங்கள் கதை. மகளுக்கு 17 வயதானபோது, ஐரோப்பியக் கிளப் ஒன்றின் தேர்வுக்கு அழைத்துச் செல்வதாக ஒருவர் தொலைபேசியில் பேசினார். விமானக் கட்டணம், விசா, தங்கும் செலவு எல்லாம் நாங்களே முன்கூட்டிக் கட்ட வேண்டுமாம். மாமியார் வளையல்களை விற்கத் தயாராகிவிட்டார். அண்ணனோ பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்று கோபித்துக்கொண்டார். நான் கேட்டவை கிளப்பின் கடிதமும் அவருடைய முகவர் உரிம எண்ணும் மட்டுமே. 18 வயது நிரம்பாதவர்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்ற, சில விதிவிலக்குகள் தவிர, ஃபிஃபா விதி இடம் தருவதில்லையே என்றும் கேட்டேன். "வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்" என்றவர் பிறகு அழைக்கவே இல்லை. மகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, அந்த விதியைத் தானே படித்த பிறகுதான் சமாதானமானாள்.

பெண்ணை அடக்கி வைத்த தந்தை என்று கருத்துரை எழுதக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று: சனிக்கிழமைதோறும் அவளை மைதானத்துக்கு அழைத்துச் சென்றதும், புரட்டாசியில் வீட்டில் மச்சம் (அசைவம்) சமைக்காத நாட்களில் அவள் உடம்பு தளராமல் இருக்கச் சுகர் பீன்ஸ் வேகவைத்ததும் நான்தான். எங்கள் பகுதி மைதானத்தில் விளக்கு எரியும் மாலைகளெல்லாம் பையன்களின் அணிகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. பெண்கள் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஆடிவிட்டு வீடு திரும்பினார்கள். இதை நிர்வாகக் குழுவிடம் கேட்டபோது வருகைப் பதிவு குறைவு என்றார்கள். இருட்டில் யார் வருவார்கள்? மேல்மட்டத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. 2023 உலகக் கோப்பைக்குச் சற்று முன்பு ஊதியத்தையும் மைதானத்தின் தரத்தையும் எதிர்த்துத் தேசிய வீராங்கனைகள் போட்ஸ்வானாவுடன் ஆட மறுத்தார்கள். 13 வயதுச் சிறுமி உட்பட அவசரமாகத் திரட்டிய அணி 5-0 எனத் தோற்றது.

எங்கள் மகள் இப்போது பிசியோதெரபி படித்துக்கொண்டே பல்கலைக்கழக அணியில் ஆடுகிறாள். உங்கள் மகளுக்கு முதலில் தேவை முழு ஆட்டத்தின் பதிவு. பந்தைத் துரத்தாமல், மைதானத்தின் அகலம் முழுவதும் தெரியும்படி உயரமான இடத்திலிருந்து எடுங்கள். முகவர் என்று எவரேனும் அழைத்தால், ஃபிஃபாவின் உரிமப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுவார்த்தை பேசுங்கள்.